அப்பாச்சி: பாட்டி, பைக், சர்வர்... அப்புறம் அந்த மக்கள்

போன மாசம் ஒரு ராத்திரி. ஒரு செட்டிங்கை நான் தப்பாக மாற்றித் தொலைத்ததில் சர்வர் படுத்துவிட்டது. டீம் லீடுக்கு போன் போட்டு, "அப்பாச்சி செத்துப் போச்சுங்க, என்ன பண்ணாலும் எந்திரிக்க மாட்டேங்குது"ன்னு புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து நண்பன் பதறி எழுந்து, "எப்ப மச்சான்? நீ ஊருக்கு வெளிக்கிடேல்லையே?" என்றான்.

யாழ்ப்பாணத்தில் அப்பாச்சி என்றால் அப்பாவைப் பெற்ற அம்மா :-)

சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். தினமும் டைப் அடிக்கிற இந்தப் பெயர் உண்மையில் யாருடையது? கொஞ்சம் தோண்டினேன். அதுக்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

அப்பாச்சிகள் அமெரிக்காவின் தென்மேற்கில், இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் வாழ்ந்த பழங்குடிகள். சிரிகாவா, மெஸ்கலேரோ, ஹிகாரியா என்று பல குழுக்கள். முதல் ஆச்சரியம் என்னன்னா, 'அப்பாச்சி' அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே இல்லை. அவர்கள் மொழியில் அவர்கள் 'இண்டே'. 'மக்கள்' என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஸூனி மக்களின் மொழியில் 'எதிரி' என்று பொருள்படும் சொல்தான் அப்பாச்சி ஆனது என்பது பரவலான கருத்து. 1598 வாக்கில் அங்கே வந்த ஸ்பானியர்கள் அதையே எழுதி வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்த ஆள் நம்மைக் கேட்காமல், நமக்கு ஆகாத பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டு எழுதிக்கொண்டு போன கதைதான்.

இவர்களில் பிரபலமானவர் ஜெரோனிமோ. அதுவும் மெக்சிகோக்காரர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் கோயாத்லே, 'கொட்டாவி விடுபவர்'. 1850களில் மெக்சிகோ படையினர் இவருடைய தாய், மனைவி, மூன்று குழந்தைகள் அத்தனை பேரையும் கொன்றார்கள். அதற்குப் பிறகு மனிதர் ஓயவே இல்லை. கடைசிக் கட்டத்தில் நாற்பது பேர்கூட இல்லாத அவர் கூட்டத்தைப் பிடிக்க அமெரிக்கா சுமார் 5,000 சிப்பாய்களை இறக்கியது. 1886 செப்டம்பர் 4ஆம் தேதி அரிசோனாவில் சரணடைந்தார்.

கதை அங்கே முடியவில்லை. சிரிகாவா மக்களை மொத்தமாக ரயிலில் ஏற்றி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜெரோனிமோவைத் தேடிப் பிடிக்க ராணுவத்துக்கு வழிகாட்டிய அப்பாச்சி வீரர்களையும் விடவில்லை, அவர்களும் கைதிகள்தான்! பிறகு அலபாமா, அப்புறம் ஓக்லஹோமா. 1913 வரை, 27 வருஷம் போர்க்கைதிகள். 1905ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பதவியேற்பு ஊர்வலத்தில் ஜெரோனிமோவைக் குதிரையில் ஏற்றிக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். எங்களை அரிசோனாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று அவர் ரூஸ்வெல்ட்டிடம் கேட்டார். கிடைக்கவில்லை. 1909ல் கைதியாகவே செத்துப்போனார்.

ஆட்கள் அடைபட்டுக் கிடந்தபோதே பெயர் மட்டும் ஜாலியாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. 1900களின் தொடக்கத்தில் பாரிஸ் பத்திரிகைகள் அந்த ஊர்த் தெரு ரவுடிகளை 'அப்பாச்சி' என்றன. துப்பாக்கி, கத்தி, கைக்குத்து மூன்றும் சேர்ந்த ஒரு ஆயுதத்துக்கும் அதே பெயர். பிறகு ஹெலிகாப்டர். அமெரிக்க ராணுவம் தன் ஹெலிகாப்டர்களுக்குப் பழங்குடிகளின் பெயரை வைப்பது வழக்கம். 1975ல் முதன்முதலில் பறந்த தாக்குதல் ஹெலிகாப்டர் 'அப்பாச்சி' ஆனது. அது தயாராவது எங்கே தெரியுமா? அரிசோனாவில்! அது நம்ம விமானப்படையிலும் 2019ல் பதான்கோட்டில் சேர்ந்தது. நடுவில் 2005ல் நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி பைக் வேறு.

நம்ம சர்வர் 1995ல் வந்தது. ஏற்கனவே இருந்த ஒரு புரோகிராமுக்கு ஆளாளுக்கு எழுதிய பேட்ச்களைச் சேர்த்துச் செய்ததால், ஒட்டுப்போட்ட சர்வர் என்ற அர்த்தத்தில் 'எ பேட்ச்சி' என்றும் கிண்டலாகச் சொல்வார்கள். ஆனால் பெயரைச் சொன்ன பிரையன் பெலன்டார்ஃப், கடைசிவரை பணியாத மக்கள் மேல் இருந்த மரியாதையில் வைத்தது என்றார்.

மரியாதை சரி, அவர்களைக் கேட்டார்களா? 2011ல் பின்லேடன் வேட்டையில் 'ஜெரோனிமோ'வைச் சங்கேதச் சொல்லாகப் பயன்படுத்தியபோது அப்பாச்சி மக்கள் கொதித்துப்போனார்கள். நியாயம்தானே? 2023ல் பழங்குடித் தொழில்நுட்பக்காரர்கள் அப்பாச்சி அறக்கட்டளையிடம் பெயரை மாற்றச் சொன்னார்கள். மாநாட்டின் பெயர் மாறியது. 2025ல் லோகோவில் இருந்த இறகு போய் ஓக் இலை வந்தது. சர்வர் பெயர் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்று அந்தப் பழங்குடிகளின் அரசுகளே 'அப்பாச்சி' என்றுதான் அலுவல் பெயர் வைத்திருக்கின்றன. எதிரி சொன்ன பெயரானாலும், நானூறு வருஷம் அதன் பேரில் அடிவாங்கியவர்கள் அவர்கள். அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யலாம். நான் ஹெலிகாப்டருக்கோ சர்வருக்கோ எடுத்துக்கொள்வது அதே கணக்கில் வராது என்றுதான் எனக்குப் படுகிறது.

மறுநாள் இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "எங்கட அப்பாச்சிக்கு அந்தப் பேர் வச்சது பேரப்பிள்ளைகள் மச்சான்" என்றான்.

அன்றைக்கு ராத்திரி சர்வரை எழுப்பிவிட்டேன். இப்போதெல்லாம் அந்தப் பெயரை டைப் அடிக்கும்போது கை ஒரு நொடி நிற்கிறது.