கடலுக்கடியில் கம்பி அறுந்தால்...

2008 ஜனவரி 30, புதன்கிழமை. நான் அப்போது இரண்டாமாண்டு. நம் கம்ப்யூட்டர் லேபில் ஒரு பக்கம்கூட முழுசாகத் திறக்கவில்லை. ஹாஸ்டலில் வைஃபையோடு இருக்கும் தம்பி தங்கைகளே, எங்களுக்கு அந்த லேபை விட்டால் வேறு கதியில்லை! லேப் அண்ணனைப் பிடித்து உலுக்கினோம். "நான் என்னப்பா பண்றது, வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். யாரும் நம்பவில்லை.

மறுநாள் பேப்பர் பார்த்ததும்தான் புரிந்தது. அறுந்தது எகிப்தில், அலெக்சாண்டிரியா பக்கத்துக் கடலுக்கடியில். இரண்டு கேபிள்கள் போனதில் இந்தியாவின் இன்டர்நெட் வசதியில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

எல்லாம் சாட்டிலைட்டில் வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் போவதில் பெரும்பகுதி கடல் கேபிளில்தான் போகிறது. ஆழ்கடலில் அதன் பருமன், செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் அளவுதான்.

சரி, அறுந்தால் எப்படி ஒட்டுவது? தேடப்போய் 1865-ல் போய் நின்றேன். அயர்லாந்தின் வாலன்சியாவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குத் தந்திக் கம்பி போட்டுக்கொண்டே போன 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலில், பாதித் தூரத்துக்கு மேல் போன பிறகு கம்பி அறுந்து விழுந்தது. ஆழம் சுமார் 4 கிலோமீட்டர். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்போமே, அதே வேலைதான். கயிற்றில் கொக்கி கட்டி இறக்கி இழுத்தார்கள். கம்பி மாட்டியது, தூக்கும்போது கயிறு அறுந்தது. மறுபடி மறுபடி இதே கதை. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

1866 ஜூலையில் புதிய கம்பி ஒன்றைப் போட்டு முடித்துவிட்டு, பழையதைத் தேடிப் போனார்கள். செப்டம்பர் 2 அதிகாலையில் அது கப்பல் தளத்துக்கு வந்தது.

எனக்குக் கப்பலைவிடக் கரையில் இருந்தவர்கள்தான் பெரிசாகத் தெரிகிறார்கள். வாலன்சியா நிலையத்தில் ஒரு வருஷமாக, இரவும் பகலும் முறை வைத்து யாராவது ஒருவர் அந்தச் செத்த கம்பியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கம்பியில் இணைத்திருந்தது வில்லியம் தாம்சனின் கால்வனோமீட்டர் (நாம் பிசிக்ஸில் படித்த கெல்வினேதான்). அதன் ஒளிப்புள்ளி பூமியின் மின்னோட்டத்தால் அவ்வப்போது அர்த்தமில்லாமல் ஆடும். அன்று அதிகாலையில் அது எழுத்தெழுத்தாக ஆடியது. கேப்டன் ஆண்டர்சனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. தாம்சன் பெயரில் ஓர் அலகே இருக்கிறது. புள்ளியைப் பார்த்தவரின் பெயரை நான் படித்த எதிலும் காணோம்.

முறை இப்போதும் பெரிதாக மாறவில்லை. கரையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து, எத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். ஆழமான இடத்தில் அதே கொக்கிதான். ஆடும் கப்பலில் உட்கார்ந்து, தலைமுடி அளவு கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். 2006 டிசம்பர் 26 தைவான் நிலநடுக்கத்தில் அறுந்தவற்றை ஒட்ட 11 கப்பல்களுக்கு 49 நாள் ஆனது.

எங்களுக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. எல்லாரும் ஆர்க்குட்டுக்கு ஓடினோம். லேப் அண்ணனிடம் யாரும் ஸாரி சொல்லவில்லை. இந்த ரீயூனியனுக்கு அவரும் வருகிறார் என்று கேள்வி.