குறிப்பேடும் கொடியும்: ராயல் குரூசிங் கிளப் வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

காலனித்துவக் கால மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் நடத்திய கிளப்புகளை, அவர்கள் உள்ளூர் மக்களிடமிருந்து தம்மைப் பிரித்துக்கொண்ட இடங்களாகவே நாம் பெரும்பாலும் அறிந்துள்ளோம். அப்பார்வையில் உண்மை உண்டு. எனினும், கிளப் என்னும் அமைப்பு அறிவைத் தொகுத்துப் பகிரும் நிறுவனமாகவும் இயங்கியுள்ளது. 1880இல் இங்கிலாந்தில் தோன்றிய ராயல் குரூசிங் கிளப் இதற்குத் தக்க சான்றாகும். அக்கழகம் திரட்டிய கடலறிவு யாருக்குப் பயன்பட்டது, அது அரசியலுக்கு அப்பால் நிற்க முடிந்ததா என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் நோக்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் படகுக் கழகங்கள் பெரும்பாலும் பந்தயத்தையும் விருந்தையும் மையமாகக் கொண்டவை. பெரிய படகுகளில் பாய் இழுப்பதும் நங்கூரம் தூக்குவதும் கூலிக்கு அமர்த்தப்பட்ட மாலுமிகளின் வேலை. உரிமையாளர் பயணியாகவே இருந்தார். இந்நிலைக்கு மாறாக, சிறு படகைத் தாமே செலுத்தித் துறை துறையாகச் சென்றுவர விரும்பியோரும் இருந்தனர். ஆர். டி. மக்மலன் என்பார் 1869இல் வெளியிட்ட ‘டவுன் சேனல்’ என்னும் பயண நூல் இப்போக்கிற்கு முன்னோடியாக அமைந்தது. இத்தகைய பயணத்தைக் ‘கடலுலா’ எனலாம்.

கடலுலாச் செல்வோருக்குப் பந்தயக் கோப்பையைவிடத் தகவலே இன்றியமையாதது. எந்த ஓதத்தில் கழிமுகத்தினுள் நுழையலாம், எங்கு மணல்திட்டு இடம் மாறியுள்ளது, எக்காற்றில் எந்தத் துறை பாதுகாப்பற்றது என்பன போன்ற நுட்பங்கள், பெரிய கப்பல்களை முதன்மையாகக் கருதி வரையப்பட்ட கடல் வரைபடங்களில் போதிய அளவு இடம்பெறவில்லை. இக்குறையை உணர்ந்த வழக்கறிஞர் ஆர்தர் அண்டர்ஹில் நண்பர்களுடன் சேர்ந்து 1880இல் இக்கழகத்தைத் தொடங்கினார். 1902இல் இது ‘ராயல்’ என்னும் அடைமொழியைப் பெற்றது.

குறிப்பேட்டின் இடம்

உறுப்பினர் தம் பயணக் குறிப்பேட்டை எழுதி அளிப்பதும் கழகம் அதனை இதழில் அச்சிடுவதும் இக்கழகத்தின் உயிர்நாடியாயின. 1896 முதல் வழங்கப்படும் சவால் கோப்பையும் விரைவுக்கு உரியதன்று. பயணத்தின் சிறப்புக்கே உரியது. ஒரே கடற்பாதையில் ஓடிய படகுகளை இலக்குக் கோட்டில் நின்று ஒப்பிடலாம். வெவ்வேறு கடல்களில் தனித்தனியே சென்ற பயணங்களை அவற்றின் எழுத்துப் பதிவைக் கொண்டே மதிப்பிட இயலும். ஆகவே, நன்கு பயணம் செய்தல் என்பது நன்கு பதிவு செய்தலையும் உள்ளடக்கியதாயிற்று.

அறிவும் அரசியலும்

நாடாளுமன்ற எழுத்தராகப் பணியாற்றிய எர்ஸ்கின் சில்டர்ஸ் இக்கழகத்தின் உறுப்பினர். 1897இல் அவர் ‘விக்சன்’ என்னும் சிறு படகில் ஜெர்மனியின் ஃபிரீசியத் தீவுகளுக்குச் சென்றார். நீர் வற்றினால் சேறாகவும் நீர் ஏறினால் கடலாகவும் மாறும் அப்பகுதியைப் பற்றிய பட்டறிவே, 1903இல் வெளிவந்த ‘தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்’ என்னும் நாவலுக்கு அடிப்படை. ஜெர்மனி அத்தீவுகளின் மறைவிலிருந்து இங்கிலாந்தின் மீது படையெடுக்கத் திட்டமிடுவதாக அந்நாவல் புனைந்தது. 1910இல் பிராண்டன், டிரெஞ்ச் என்னும் இரு பிரித்தானிய அதிகாரிகள் அக்கடற்கரையை வேவு பார்த்த குற்றத்திற்காக ஜெர்மனியில் சிறைப்பட்டனர். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆழம் பார்த்தல், ஏழே ஆண்டுகளில் உளவுக்கு நெருங்கிய செயலாகக் கருதப்படும் நிலை உருவாயிற்று. 1914 டிசம்பரில் நடந்த குக்ஸ்ஹாபன் வான்தாக்குதலிலும் சில்டர்ஸின் கடற்கரை அறிவைப் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திக்கொண்டது.

அதே சில்டர்ஸ், அதே ஆண்டு ஜூலை 26ஆம் நாள், தம் ‘அஸ்கார்ட்’ படகில் 900 துப்பாக்கிகளை அயர்லாந்தின் ஹவுத் துறையில் இறக்கினார். அவை அயர்லாந்துத் தன்னாட்சியை ஆதரித்த தொண்டர் படைக்கு உரியவை. அம்முயற்சியில் ‘கெல்பி’ என்னும் படகுடன் பங்குகொண்டவர் கோனர் ஓபிரையன். பின்னர் நிகழ்ந்த அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, 1922 நவம்பர் 24ஆம் நாள், புதிய அயர்லாந்து அரசு சில்டர்ஸைச் சுட்டுக்கொன்றது. தண்டனைக்குக் காட்டப்பட்ட காரணம், அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது என்பதாகும்.

அடுத்த ஆண்டு, ஓபிரையன் ‘சீர்ஷா’ என்னும் படகில் அயர்லாந்தின் மூவண்ணக் கொடியுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டார். சீர்ஷா என்பதற்கு ‘விடுதலை’ என்று பொருள். 1923 ஜூன் 20 முதல் 1925 ஜூன் 20 வரை நீண்ட அப்பயணத்திற்காக, ராயல் குரூசிங் கிளப் தன் சவால் கோப்பையை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவருக்கே வழங்கியது. பிரித்தானிய அரசின் எதிர்ப்பை மீறி ஆயுதம் கடத்திய ஒருவரை ‘ராயல்’ என்னும் பெயர் தாங்கிய கழகம் இவ்வாறு பாராட்டியமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. கடலுலாவை மதிப்பிட்டபோது கழகம் குறிப்பேட்டையே பார்த்தது, கொடியைப் பார்க்கவில்லை.

பொது அறிவாதல்

உறுப்பினரிடையே சுழன்ற தகவல் காலப்போக்கில் வெளியுலகை அடைந்தது. 1908இல் குரூசிங் அசோசியேஷனும், 1922இல் அமெரிக்கக் குரூசிங் கிளப்பும், 1929இல் ஐரிஷ் குரூசிங் கிளப்பும் தோன்றின. 1976இல் ராயல் குரூசிங் கிளப் ஓர் அறக்கட்டளையை நிறுவியது. நார்வே, அட்லாண்டிக் தீவுகள், சிலி முதலிய கடற்பகுதிகளுக்கு அது வழிகாட்டி நூல்களை உருவாக்கியுள்ளது. இவற்றைப் பயன்படுத்தக் கழக உறுப்பினராக இருத்தல் வேண்டியதில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, தொகுக்கப்பட்ட அறிவு தொகுத்தவரின் நோக்கத்திற்குள் அடங்கி நிற்பதில்லை. சில்டர்ஸின் ஓய்வுக்காலப் பட்டறிவு நாவலாகவும் போர்க்கருவியாகவும் உருமாறியது. மற்றொன்று, பொதுவான ஓர் அளவுகோல் வலுவாக இருக்குமானால், அது அரசியல் பிளவையும் கடக்கும் என்பதற்கு ஓபிரையன் பெற்ற கோப்பை சான்று. அதே வேளையில், குறிப்பேடு எழுதுவோரின் பெயரே ஆவணத்தில் நிற்கும் என்பதையும் மறத்தலாகாது. தலைமுறை தலைமுறையாக அதே மணல்திட்டுகளை அறிந்திருந்த மீனவரின் அறிவு பெரிதும் எழுத்துக்கு வெளியிலேயே இருந்தது. நம் கரையோர மீனவரும் படகோட்டிகளும் கொண்டுள்ள கடலறிவைப் பதிவு செய்ய முற்படும் ஆய்வாளர்களுக்கு, இக்கழகத்தின் குறிப்பேட்டு மரபு ஒரு முன்மாதிரியாகவும் ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது.