குறுவட்டம் தாண்டாத பெண்கள்

1993. நான் ஒன்பதாம் வகுப்பு. ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில் குறுவட்ட விளையாட்டுப் போட்டி. எங்கள் பள்ளிப் பெண்களை அழைத்துப்போனவர் தையல் டீச்சர். பள்ளியில் பெண் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. பெண்பிள்ளைகளோடு ஒரு பெண் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 200 மீட்டரில் நான் கடைசிக்கு முந்தி வந்தேன். 800 மீட்டரில் என் வகுப்புத் தோழி முதலாவதாக வந்தாள். பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு.

அடுத்தது மாவட்டப் போட்டி. அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். "ராத்திரி தங்கணும்னா வேணாம் டீச்சர். வயசுக்கு வந்த பொண்ணு." டீச்சர் வாதாடவில்லை. இரவு தங்கினால் அவர் வீட்டில் யார் சமைப்பார்கள் என்ற கேள்வி அவருக்கும் இருந்திருக்கும்.

ஏன் இரவு தங்க வேண்டியிருந்தது என்பதற்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. திருநின்றவூர் அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். வடக்கே பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி, மேற்கே திருத்தணி, தெற்கே மதுராந்தகம், செய்யூர் வரை ஒரே மாவட்டம், தலைநகர் காஞ்சிபுரம். எங்கள் ஊரிலிருந்து அரக்கோணம் போய் ரயில் மாற வேண்டும், அல்லது பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். காலை ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்கும் என்றால் முதல் நாளே போய் ஏதாவது பள்ளி வகுப்பறையில் பெஞ்சை ஒதுக்கிவிட்டுப் படுக்க வேண்டும்.

பள்ளி விளையாட்டின் அமைப்பே இப்படி அரசாங்க எல்லைகளின்மேல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகள் தாமே கூடி ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்வார்கள், சேர்வார்கள், பிரிவார்கள். இங்கே யாரும் விண்ணப்பித்துச் சேர்வதில்லை. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி எல்லாம் ஏதோ ஒரு குறுவட்டத்தில் விழும். குறுவட்டத்தில் வென்றால் வருவாய் மாவட்டம், அங்கே வென்றால் மாநிலம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். குடியரசு தினம், பாரதியார் தினம் என்ற பெயர்களில் போட்டிகள். மாநிலத்துக்கு மேலே, 1954இல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி. மைதானமே இல்லாத பள்ளியும் இதில் உறுப்புப் பள்ளிதான். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரின் ஊர்க்காரி நான். மனத்துக்குள் மைதானம் கட்டிய பள்ளிகளைப் பார்த்து வியப்பதற்கில்லை.

ஆனால் ஏட்டில் உறுப்பாக இருப்பது வேறு, பெயர்ப் பட்டியல் போவது வேறு. பட்டியலை உடற்கல்வி ஆசிரியர் எழுத வேண்டும், தலைமை ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர் இல்லாவிட்டால் பட்டியலும் இல்லை. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம் போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் சில அரைநாள்கள். அந்தச் சம்பளத்தில் யார் சொந்தச் செலவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக அலைவார்கள்? மேலே இருப்பவர்களின் கடிதப் போக்குவரத்தும் அப்படித்தான். 2023 ஜூனில் தில்லி, போபால், குவாலியரில் நடந்த தேசியப் பள்ளிப் போட்டிகளுக்குத் தமிழகப் பிள்ளைகள் போகவே இல்லை. அழைப்புச் சுற்றறிக்கை உரிய நேரத்தில் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்காக அதிகாரி ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு பள்ளி ஆண்டு கிடையாது. தேசியப் பள்ளிப் போட்டிச் சான்றிதழ் வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் எண்ணப்படுகிற காகிதம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது சுவரில் மாட்டுகிற சட்டம். என் தோழி மாதிரிப் பெண்ணுக்கு அது கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போடுகிற சாக்கு.

800 மீட்டருக்கென்றே ஒரு கதை உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக அதை ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் மயங்கிச் சரிந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதை வைத்தே அந்த ஓட்டத்தை நீக்கினார்கள். 1960 வரை பெண்களுக்கு அது இல்லை. மும்முறைத் தாண்டுதல் 1996இல்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது. எங்கள் குறுவட்டத்தில் பையன்கள் மூன்று தாவல் தாவி மணலில் விழுவதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம். "கர்ப்பப்பைக்கு ஆகாது" என்று ஒரு சார் விளக்கம் சொன்னார். அவருக்கு எங்கள் கர்ப்பப்பை பற்றி எவ்வளவு கவலை!

2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தர்ராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைத் திரும்ப வாங்கினார்கள். தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடிய இரவு எனக்குத் தோழியின் அம்மா நினைவுக்கு வந்தார். ஒரு பெண்ணின் உடம்பை யார் பார்க்கலாம், எங்கே படுக்க வைக்கலாம் என்பதுதானே அவருடைய கவலையும். அதுவரை எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அன்றைக்கு அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. எங்கள் ஸ்டேஷனிலிருந்து வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டினால் நான்காவது நிறுத்தம் மாவட்டத் தலைநகர். பெண் ஓட்டக்காரிகளை நினைத்து யாரும் எல்லை பிரிக்கவில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்துப் பெண்பிள்ளைகளுக்கு அந்த அரசாணை எந்த விளையாட்டுத் திட்டத்தையும்விட அதிகம் செய்திருக்கிறது என்பது என் கணிப்பு. காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

தோழியைப் போன மாதம் லோக்கல் ரயிலில் பார்த்தேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகள். பெரியவள் பதினொன்றாம் வகுப்பு, 1500 மீட்டர் ஓடுகிறாளாம். மாவட்டத்தில் இரண்டாவது இடம்.

"மாநிலத்துக்கு வெளியூர்டி, மூணு நாள்," என்றாள். "லீவு சொல்லிட்டேன். நானும் கூடப் போறேன்."

பட்டாபிராம் வந்தது. பையிலிருந்து ஸ்பைக் ஷூ ஒன்றை எடுத்துக் காட்டினாள்; பழசு, யாரோ கொடுத்தது, ஆணி இரண்டு தேய்ந்திருந்தது. எங்கே மாற்றலாம் என்று கேட்டாள். பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன என்றேன்.