பிடியரிசியும் உக்கிராணக்காரனும்



உக்கிராணம் என்னும் சொல் இன்று நம் வீடுகளில் அதிகம் வழங்குவதில்லை. பழைய பெரிய வீடுகளிலும் மடங்களிலும் நெல்லும் அரிசியும் பிற பண்டங்களும் பூட்டிவைக்கப்பட்ட அறைக்கு அது பெயர். அதன் திறவுகோலை வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். பண்டம் அவனுடையதன்று, ஆயினும் ஒரு படி குறைந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டியவன் அவனே. விவிலியத்தைத் தமிழாக்கியோர், தலைவனுடைய பொருளைப் பொறுப்பேற்று நடத்தும் பணியாளனைக் குறிக்க இச்சொல்லையே எடுத்தாண்டனர். தன் உடைமையைக் கிறிஸ்தவன் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதற்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. இந்த ஒரு சொல் போதும்.

இக்கொள்கை பிரசங்க பீடத்தினின்றும் இறங்கி அடுக்களைக்கு வந்து சேர்ந்த வரலாறு ஒன்றுண்டு. அதிலே யாழ்ப்பாணத்துக்குப் பெரும் பங்குண்டு.

1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் எழுந்தன. அவற்றுக்கான பணமோ பெரும்பாலும் பொஸ்டன் நகரிலிருந்து வந்தது. கொடுப்போர் அங்கே, பெறுவோர் இங்கே என்ற நிலை ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. 1847ஆம் ஆண்டில் இங்குள்ள கிறிஸ்தவர்கள் தமக்கென ஒரு சுவிசேஷ சங்கத்தை அமைத்தனர். குடாநாட்டின் மேற்கேயுள்ள தீவுகளுக்குத் தம் செலவிலேயே ஊழியரை அனுப்புவது அவர்கள் நோக்கம். ஆனால் பணத்துக்கு எங்கே போவது? கமத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களிலே நாணயம் புழங்குவது அரிது.

அங்கேதான் பிடியரிசி துணைக்கு வந்தது. உலையிலே இடுவதற்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, வீட்டுக்காரி வேறொரு சிறு பானையிலே போட்டுவைப்பாள். சேர்ந்த அரிசி விலையாகிச் சங்கத்தின் நிதியிலே சேரும். இது கடல் கடந்து வந்த வழக்கமன்று. கோயிலுக்கும் மடத்துக்கும் பிடியரிசி எடுத்துவைக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் முன்னரே இருந்தது. கிறிஸ்தவப் பெண்கள் தம் பாட்டிமாரின் கைப்பழக்கத்தையே புதிய நோக்கத்துக்குத் திருப்பினர்.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. காணியும் காசும் ஆடவர் கையில் இருந்த காலம் அது. பெண்ணின் ஆட்சிக்குட்பட்டிருந்தது அரிசிப்பானை ஒன்றே. எனவே, எவரிடமும் கைநீட்டிக் கேளாமல், தன் விருப்பப்படி அவள் கொடுக்கக்கூடிய கொடை இதுவாக அமைந்தது. சங்கங்களின் வரலாற்றை எழுதியோர் ஊழியர்களின் பெயர்களைக் குறித்துவைத்தனர். பானைக்குரியவர்களின் பெயர்களைக் குறித்துவைத்தவர் மிகச் சிலரே.

1902ஆம் ஆண்டிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராயிருந்த இளைஞர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்தார். அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிலே பிறந்தவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் கடலுக்கு அப்பால் தொண்டியிலும் தம் செலவில் ஊழியம் நடத்துவதை அவர் கண்டார். திருநெல்வேலிச் சபை பெரியது, பழையது. அப்படியிருந்தும் அது அவ்வாறு எவரையும் அனுப்பியிருக்கவில்லை. இந்த எண்ணம் அவரை உறுத்தியது. மறு ஆண்டு, 1903இல், பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஆட்களும் பணமும் நிருவாகமும் இந்தியருடையனவாகவே இருக்கவேண்டும் என்பது அதன் விதி. சங்கம் தேர்ந்த இடம் நிஜாமின் ஆட்சியிலிருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். 1909இல் அசரியாவே அங்கே குருவாகச் சென்றார். 1912இல் அங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

தோர்ணக்கலிலே அவரிடம் வந்தவர்களிற் பெரும்பாலார் நிலமற்ற கூலிகள்; தீண்டாமையின் கொடுமைக்கு ஆளானவர்கள்; கடனிலே மூழ்கியவர்கள். அவர்களிடத்தும் அசரியா காணிக்கை கேட்டார். அங்கும் வேளைதோறும் பிடியரிசி எடுத்துவைக்கப்பட்டது. அறுப்புக்காலப் பண்டிகையிலே தானியமும் கோழியும் ஆலயத்துக்கு வந்தன.

இது நியாயமா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பசித்த பிள்ளையின் கலத்திலிருந்து ஒரு பிடியை எடுப்பது இலேசான காரியமன்று; அதைக் கேட்கும் அதிகாரம் பேராயருக்கு உண்டோ என்று ஐயுறுவோரைக் குறைகூற இயலாது. அசரியாவோ வேறுவிதமாக நினைத்தார். ஏழை கொடுக்கமாட்டான் என்று முன்னதாகவே தீர்மானித்துவிடுவது அவனை இரக்கத்துக்குரியவனாகவே என்றும் நிறுத்திவைப்பதாகும் என்பது அவர் கருத்து. ஆலயத்தில் ஏழை விதவை இட்ட இரண்டு காசை இயேசு தடுக்கவில்லை என்பதையும் நாம் எண்ணிப்பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வாசலிலே வாங்கிநின்ற கை, முதன்முறையாகக் கொடுக்கும் கையாயிற்று. கொடுத்தவனுக்குச் சபையின் கணக்கைக் கேட்கும் உரிமையும் உடன் வந்தது. இந்த இரண்டாவது பயனே பெரிது என்பது என் எண்ணம். வெளிநாட்டுப் பணத்தினால் நடக்கும் சபையிலே கணக்கு வெளிநாட்டுக்குப் போகும். பிடியரிசியால் நடக்கும் சபையிலே அது ஊராருக்கே சொல்லப்படவேண்டும்.

அசரியா தம் அனுபவத்தைக் கொண்டு கிறிஸ்தவ ஈகை பற்றி நூலொன்றும் எழுதினார். 1945 சனவரி முதலாம் நாள் அவர் மறைந்தார். 1947 செப்ரெம்பரிலே, அவர் நெடுங்காலம் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் நிறைவேறியது. அதன் முதல் ஆதீனங்களுள் தோர்ணக்கலும் ஒன்று. அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணமும் ஒன்று.