பதினொரு வரி நிரல் செய்த கலாட்டா

2016 மார்ச் 22, செவ்வாய்க்கிழமை. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பலரின் கணினிகளில் ஒரே பிழைச்செய்தி: லெஃப்ட்-பேட் 0.0.3 கிடைக்கவில்லை. அப்படி ஒரு நிரல் இருப்பதே பலருக்குத் தெரியாது!

மொத்தமே 11 வரிதான் அது. ஓர் எழுத்துச்சரத்தின் இடப்பக்கம் வெற்றிடமோ பூஜ்ஜியமோ சேர்த்து வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவரும். அதை எழுதியவருக்கு வேறொரு தொகுப்பின் பெயர் பற்றித் தகராறு. நிரல்களைச் சேமித்து வழங்கும் என்.பி.எம். தளம் 'கிக்' என்ற அந்தப் பெயரை அதே பெயருள்ள நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. கோபத்தில் அவர் தன் தொகுப்புகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். இருநூறுக்கும் மேல்!

புகழ்பெற்ற பேபல் கருவி, லைன்-நம்பர்ஸ் என்ற சிறு தொகுப்பைச் சார்ந்திருந்தது. அது லெஃப்ட்-பேடைச் சார்ந்திருந்தது. பேபலைச் சார்ந்தவையோ ஆயிரக்கணக்கில். எனவே நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான நிறுவல்கள் தோல்வியடைந்தன.

பத்தே நிமிடத்தில் இன்னொருவர் அதே வேலையைச் செய்யும் நிரலை அதே பெயரில் ஏற்றினார். அதன் பதிப்பு எண் 1.0.0. லைன்-நம்பர்ஸ் கேட்டதோ 0.0.3! வேலை அதேதான் என்றாலும் எண் வேறு, பிழை தொடர்ந்தது. கடைசியில் என்.பி.எம். காப்புநகலிலிருந்து பழைய பதிப்பையே மீட்டு வைத்தது. அதற்குள் இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டது.

நீக்கும்முன் யார் இதைச் சார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வழக்கமே அதுவரை இல்லை. பிறகு விதி மாறியது. பிறர் சார்ந்திருக்கும் பழைய தொகுப்பை நினைத்தவுடன் நீக்க முடியாது. 2024 தொடக்கத்தில் அந்த விதியே வம்பானது. என்.பி.எம்.மில் உள்ள எல்லாவற்றையும் சார்ந்திருக்கும் 'எவ்ரிதிங்' என்ற தொகுப்பைச் சிலர் விளையாட்டாக ஏற்ற, மற்றவர்கள் தங்கள் சொந்த நிரலையே நீக்க முடியாமல் தவித்தார்கள்.