மழை பெய்தால்: ஒரு நிபந்தனையின் வரலாறு

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. தன் பெயரால் வழங்கும் வேட்டைநாய் இனத்தால் அறியப்பட்ட ஊர். நாம் இங்கு அதை நினைவுகூர்வதோ ஒரு வாக்கியத்தின் பொருட்டு. வானம் பார்த்த நிலமுடைய உழவர் எவரும் சொல்லும் வாக்கியந்தான் அது: "மழை பேஞ்சா விதைப்போம்."

அப்பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் இவ்வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது தடுமாறுகின்றனர். பெய்யப்போகும் மழை எதிர்காலத்தது என்றெண்ணி, "இஃப் இட் வில் ரெயின்" என எழுதுகின்றனர். சிவப்பு மை அதைச் சுழிக்கிறது. கூடவே பிள்ளையின் துணிவையும் சுழிக்கிறது. தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என வாசகர் கேட்கலாம். வேலை உண்டு. தம் தாய்மொழியில் நாள்தோறும் செய்துவருவதை அவர்களுக்கு எடுத்துக்காட்டத் தவறியவர்கள் நாமே.

'பெய்தால்' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'பெய்த்' என்பது இறந்தகால அடி. அதனோடு 'ஆல்' சேர்ந்திருக்கிறது. இனிமேல் பெய்யவேண்டிய மழையை, பெய்து முடிந்த மழையின் வடிவத்தில் சொல்கிறோம். 'பெய்வால்' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை.

இவ்வழக்கு ஒரே நாளில் வந்ததன்று. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்பதைக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதே 'செயின்' வாய்பாட்டை எதிர்காலத்துக்குரியதாக வகைப்படுத்துகிறார். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைத் திறந்தால் நிபந்தனை வடிவங்களின் அணிவகுப்பையே காணலாம். பொய்ப்பின், குன்றிக்கால், வீழின், விடின், வறக்குமேல், எனின் எனப் பத்துக் குறள்களில் ஏழு இவ்வாறு அமைந்துள்ளன. மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிபந்தனையின்றிப் பேசவியலாது என்பதை வள்ளுவரும் உணர்ந்திருந்தார் போலும். இவற்றுள் 'குன்றிக்கால்' நம் கவனத்துக்குரியது. 'குன்றியக்கால்' என்பதன் குறுகிய வடிவம் அது. குன்றிய காலத்தில் என்பது சொற்பொருள். அங்கேயே இறந்தகாலம் நிபந்தனைக்குள் நுழைந்துவிட்டது. இன்றைய வழக்கிலோ 'ஆல்' பெருவழக்காகி, 'செயின்' மேடைக்கும் ஏட்டுக்கும் ஒதுங்கிவிட்டது.

ஆங்கிலத்தின் கதையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஐயத்தையும் கற்பனையையும் சொல்லத் தனி வினை விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்தன. நடந்திராததைச் சொல்லும் பொறுப்பு இறந்தகால வடிவத்தின் தோளில் விழுந்தது. "இஃப் ஐ வேர்" என்னும் தொடரில் 'வேர்' மட்டும் பழைய வீட்டின் ஒற்றைத் தூண்போல் எஞ்சி நிற்கிறது. ஆங்கில இறந்தகாலம் எப்போதும் காலத்தின் தொலைவைக் குறிப்பதன்று. உண்மையிலிருந்து உள்ள தொலைவையும் குறிக்கும். 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கண நூலைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தோம். இந்தத் தொலைவை எத்தனை வகுப்பறைகளில் விளக்கினோம்?

வேற்றுமையையும் மறைக்கலாகாது. மழை வரும் என்ற நம்பிக்கையோடு சொன்னாலும், வராது என்று தெரிந்தே சொன்னாலும் தமிழில் "பெய்தால் விதைப்போம்" என்பதே வாக்கியம். வேறுபாடு குரலில் இருக்கும். ஆங்கிலமோ முன்னதற்கு 'ரெயின்ஸ்', 'வில்' என்றும், பின்னதற்கு 'ரெயின்ட்', 'வுட்' என்றும் வடிவத்தையே மாற்றும். பருவம் தவறிய பின் நாம் சொல்வது "பெய்திருந்தால் விதைத்திருப்போம்" என்பது. இரு பக்கமும் 'இரு' வருகிறது. அந்தச் சமநிலையைப் பின்பற்றும் பிள்ளை ஆங்கிலத்திலும் இரு பக்கமும் 'வுட் ஹேவ்' எழுதிவிடுகிறது. ஆங்கில வழக்கில் நிபந்தனைப் பகுதிக்கு 'ஹேட்' மட்டும். 'வுட் ஹேவ்' விளைவுக்குரியது. பிழைதான், ஆயினும் அது அறிவின்மையால் வந்ததன்று, தாய்மொழியின் ஒழுங்கிலிருந்து வந்தது.

1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அது திரும்பாதிருந்தால் கம்பம் பள்ளத்தாக்கு இத்தனை நெல்லை விளைத்திருக்காது. இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதன் இரு பகுதிகளையும் தமிழில் பிரித்துக்காட்டி, பிறகு ஆங்கிலத்தை அருகில் எழுதினால் போதும். நடக்காத வரலாற்றைப் பேசும் வடிவம் எது என்பதை அப்பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். அவர்கள் வீட்டுத் திண்ணையில் அன்றாடம் புழங்கும் வடிவந்தானே அது.