யூயூஎன்கோடு: ஓர் எழுத்தாக்கக் கருவியின் வரலாறு

கணினிக் கோப்புகள் உரைக்கோப்பு, இருமக்கோப்பு என இருவகைப்படும். முன்னது படித்தற்குரிய எழுத்துகளால் ஆயது. பின்னது நிரல், படம், ஒலி முதலியவற்றை எண்களாகவே கொண்டது. பின்னதனை முன்னதன் வடிவில் எழுதித்தரும் கட்டளைவரிக் கருவிகளுள் ஒருகாலத்துப் பெருவழக்குற்றிருந்தது யூயூஎன்கோடு. அது தோன்றியதற்கும் வழக்குக் குன்றியதற்கும் உரிய காரணங்களை ஈண்டு ஆராய்வாம்.

இதனை 1980-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் இயற்றினார். பெயரின் முன்னுள்ள இரண்டு 'யூ'க்களும் 'யூனிக்ஸிலிருந்து யூனிக்ஸுக்கு' என்பதன் குறுக்கம். அக்காலத்து மின்னஞ்சல் 7 பிட் அளவினதாகிய ஆஸ்கி எழுத்துகளுக்கென்றே அமைந்தது. இருமக்கோப்பின் பைட்டோ 8 பிட் உடையது. எட்டாம் பிட்டை இடைவழிப் பொறிகள் கழித்துவிடுதலும் உண்டு. ஆகலின், அனுப்புமுன் கோப்பை எழுத்தாக்குதல் இன்றியமையாததாயிற்று.

அதன் செய்முறை எளிது. மூன்று பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறு ஆறாக நான்கு கூறிட்டு, ஒவ்வொன்றனோடும் 32-ஐக் கூட்டினால் அச்சிடத்தக்க ஓர் ஆஸ்கிக் குறி கிடைக்கும். 67, 97, 116 என்னும் பைட்டுகளை எடுத்துக்கொள்வோம். இவை 16, 54, 5, 52 எனப் பிரிந்து, 48, 86, 37, 84 என்னும் எண்களுக்குரிய குறிகளாகும். 45 பைட்டுகள் ஒரு வரியில் 60 குறிகளாய் நிற்கும். அவற்றின் அளவைக் காட்டும் குறியொன்று வரிமுதலில் வரும்.

கூட்டல் ஒன்றே போதுமென்பது இதன் சிறப்பு. இதன் குறையும் அதனின்றே பிறந்தது என்பது எம் துணிபு. சுழியத்தோடு 32-ஐக் கூட்டினால் வருவது வெற்றிடம். வரியிறுதி வெற்றிடத்தை அஞ்சல் நிரல்கள் சில நீக்கிவிடும். அதனால் அதற்கு ஈடாக 96-ஆம் குறி ஆளப்பட்டது. இது சிறு திருத்தமே. பெரிய இடர் பகர அடைப்பு முதலிய குறிகளால் நேர்ந்தது. ஐபிஎம் பெருங்கணினிகள் ஆஸ்கியை விடுத்து எப்சிடிக் என்னும் வேறொரு குறிமுறையைக் கையாண்டன. அவை மிகுந்த பிட்நெட் வலையினூடே அஞ்சல் செல்லுங்கால் இக்குறிகள் திரிந்தன. ஏடெழுதுவோர் கையில் பாடம் திரிதலைச் சுவடியாராய்வோர் நன்கறிவர். ஆயின், ஆங்குப் பொருளை நோக்கி மூலபாடத்தை உய்த்துணரலாம்; ஈண்டு உய்த்துணர்தற்குப் பொருளே இல்லை.

பின்வந்த பேசு64 முறை அளவிற் சுருங்கியதால் வென்றது எனக் கருதற்கு இடமுண்டு. அது பொருந்தாது, அதுவும் மூன்று பைட்டுகளை நான்கு குறிகளாகவே ஆக்குகின்றது. வேறுபாடு குறிகளின் தெரிவிலேயே உளது. பேரெழுத்து 26, சிற்றெழுத்து 26, இலக்கம் 10, கூட்டற்குறி, சாய்கோடு ஆகிய 64-உம் ஆஸ்கியிலும் எப்சிடிக்கிலும் ஒருங்கே உள்ளவை. இவை வரிசைப்பட நில்லாமையால் கூட்டல் உதவாது, அட்டவணை வேண்டும். கணக்கின் எளிமையை விடுத்து வழியின் இயல்பை நோக்கிய இத்தெரிவே, 1992-இல் வெளிவந்த மைம் தரத்தில் இடம்பெற்றது. பின்னர் யூயூஎன்கோடு கருவியிலேயே பேசு64-ஐ இயற்றும் விருப்பமும் சேர்க்கப்பெற்றது.

தமிழுக்கும் இதனோடு தொடர்புண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. எனவே, அகரத்தில் தொடங்கும் மடல் பேசு64-இல் செல்லுமாயின், அதன் முதலெழுத்து 4, கே, 6, எஃப் என்னும் நான்கு குறிகளாய் வழிச்செல்லும்.